வராத கோபத்துக்கு மரியாதை, வந்த கடிதத்துக்குப் பூட்டு

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் லேக் சிட்டி என்றொரு சிற்றூர். ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போனான். அறிவியல் புத்தகங்களை எடுத்து வந்து நூலகர் முன் வைத்தான். கறுப்பர்களுக்குப் புத்தகம் கொடுப்பதில்லை என்றார் நூலகர். அப்படியானால் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த மேசை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். நூலகர் போலீசைக் கூப்பிட்டார். பையனின் அம்மாவும் வந்து சேர்ந்தார். வந்த போலீஸ்காரர்களுக்கே கூச்சமாகிவிட்டது போலும், பையனிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று கேட்டார்கள். வேண்டாவெறுப்பாகப் புத்தகம் கைக்கு வந்தது. வீட்டுக்குப் போகும் முன் அம்மா மகனை அந்த நூலகருக்கு நன்றி சொல்ல வைத்தார். இந்த இடத்தைப் படிக்கும்போது நம்மில் பலருக்கும் சொந்த வீட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வரும்.

பையன் பெயர் ரொனால்ட் மெக்நேர். இதைப் பின்னாளில் சொன்னவர் அவருடைய அண்ணன் கார்ல். அதே கார்ல் இன்னொன்றும் சொல்கிறார். சில ஆண்டுகள் கழித்து அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ ஓடியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே விண்கலத்தில் ஒன்றாக வேலை செய்யும் எதிர்காலம். இதெல்லாம் நடக்கிற காரியமா, வெறும் கற்பனை என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம் கார்ல். தம்பியோ இது நடக்கக்கூடியது என்று பார்த்தான். ஒரே வீடு, ஒரே பெட்டி, ஒரே காட்சி. இரண்டு எதிர்வினைகள்.

‘சூப்பர் ஹீரோ படத்துக்கெல்லாம் எதுக்குத் தோழர் அரசியல் கட்டுரை?’ என்று இளைய தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். வன்கொடுமை வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நாட்டில் விண்கலம் பற்றிப் பேச நேரமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் யார் எதைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பதை முதலாளிகளும் தணிக்கைக்காரர்களும் ஒருநாளும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தக் கணக்கில் எப்போதும் ஒரு தரப்பின் கோபம் மட்டுமே வரவில் வைக்கப்பட்டிருக்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

தொலைக்காட்சிக்கு முன்னால் படக்கதைப் புத்தகங்கள். 1953இல் இ.சி. காமிக்ஸ் என்ற நிறுவனம் ‘தீர்ப்பு நாள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதை வெளியிட்டது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர் எந்திர மனிதர்கள் வாழும் கோளுக்குப் போகிறார். அண்டக் குடியரசில் சேர அந்தக் கோளுக்குத் தகுதி இருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்கள், நீல நிற எந்திரங்கள் என்று இரண்டு பிரிவு. நீல நிறத்தாருக்குத் தனிக் குடியிருப்பு, தாழ்ந்த வேலை. உள்ளே திறந்து பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் ஒரே கம்பி, ஒரே பாகங்கள். வெளித்தகடு மட்டும்தான் வேறு. இன்னும் உங்களுக்குத் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டு வீரர் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர், முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன.

சாதி என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதையை நான் அதிகம் பார்த்ததில்லை.

1956இல் இதே கதையை மறுபடி அச்சிட நினைத்தபோது, காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் தலைவராக இருந்த முன்னாள் நீதிபதி சார்லஸ் மர்ஃபி, கடைசிக் கட்டத்தில் இருப்பவர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். எந்திரங்களுக்குள் ஒதுக்கல் இருக்கலாம், அதைக் கண்டிக்கவும் செய்யலாம். கண்டிப்பவர் கறுப்பராக மட்டும் இருக்கக் கூடாது! பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ், இதை ஊருக்கெல்லாம் சொல்லி அம்பலப்படுத்துவேன், வழக்குப் போடுவேன் என்று மிரட்டிய பிறகு கதை அப்படியே வந்தது. ஆனால் அந்த நிறுவனம் அதோடு காமிக்ஸ் தொழிலையே விட்டு விலகி, ‘மேட்’ நகைச்சுவை இதழோடு நின்றுகொண்டது.

இனி ‘ஸ்டார் ட்ரெக்’. என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதுவரை திரையில் கறுப்பினப் பெண் என்றால் பெரும்பாலும் வெள்ளையர் வீட்டு வேலைக்காரி. இந்தத் தொடரிலோ நிஷெல் நிக்கோல்ஸ் என்ற நடிகை விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக, லெப்டினன்ட் உஹுராவாக உட்கார்ந்திருந்தார். சுவாஹிலி மொழியில் ‘உஹுரு’ என்றால் விடுதலை. அதிலிருந்து வந்த பெயர். பின்னாளில் பெரிய நடிகையான வூப்பி கோல்ட்பெர்க் சிறுமியாக இருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, டி.வி.யில் ஒரு கறுப்பினப் பெண் வருகிறார், அவர் வேலைக்காரி இல்லை என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினாராம்.

அதற்காக இதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. உஹுராவுக்கு வசனம் குறைவு. எழுதிய வசனமும் படப்பிடிப்புக்கு முன்னால் வெட்டப்பட்டது. வாரத்துக்கு வாரம் அதிகபட்சம் தொடர்பு கிடைத்துவிட்டது என்று சொல்வதோடு சரி. இதைவிடக் கொடுமை ஒன்றை நிக்கோல்ஸ் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். ஸ்டுடியோவின் தபால் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் அவரிடம் வந்து, உங்களுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது, உங்களிடம் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு என்று சொன்னாராம். கதாநாயகர்களுக்கு வந்த அளவுக்கு ஏறக்குறையச் சமமாக அவருக்கும் கடிதம் வந்திருக்கிறது. அவரோ தன்னை யாரும் கவனிப்பதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சின்ன விஷயம் என்று இதைக் கடந்துவிட வேண்டாம். நடிகைக்குத் தன் மதிப்பு தெரிந்தால் கூடுதல் வசனம் கேட்பார், கூடுதல் சம்பளம் கேட்பார். கடிதம் எழுதிய மக்களுக்கோ, எழுதியது போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. நம் ஊர்களில் மனுக்களுக்கு என்ன நடக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் பருவம் முடிந்ததும் விலகிவிட முடிவு செய்தார் நிக்கோல்ஸ். அந்த வார இறுதியில் கறுப்பின உரிமை அமைப்பு ஒன்றின் நிதி திரட்டும் நிகழ்ச்சியில், ரசிகர் ஒருவர் உங்களைப் பார்க்க விரும்புகிறார் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங். தன் பிள்ளைகளைப் பார்க்க அனுமதிக்கும் நிகழ்ச்சி அது என்றார் கிங். விலகப் போகிறேன் என்றதும், கூடாது என்று மறுத்துவிட்டார். நீங்கள் போனால் அந்த இடத்தில் வேறு யாரை வேண்டுமானாலும் உட்கார வைப்பார்கள், உங்களைப் பார்த்து உலகம் நம்மை முதல்முறையாகச் சமமானவர்களாகப் பார்க்கிறது என்ற பொருளில் பேசினார். இந்தச் சந்திப்பை நிக்கோல்ஸ் கடைசிவரை மேடைதோறும் சொல்லிவந்தார். தபால் அறை மறைத்ததை ஒரு பார்வையாளர் நேரில் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான பகுதியில் கேப்டன் கிர்க்கும் உஹுராவும் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி. கலப்பு மணத்தைத் தடை செய்யும் மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. தென் மாநில நிலையங்கள் ஒளிபரப்ப மறுக்கும், வெள்ளையர்கள் கொதித்தெழுவார்கள் என்று நிறுவன அதிகாரிகள் நடுங்கினார்கள். முத்தத்தோடு ஒன்று, முத்தம் இல்லாமல் ஒன்று என இரண்டு விதமாக எடுப்பதாக ஏற்பாடு. முத்தமில்லாத காட்சியில் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் வேண்டுமென்றே கண்ணை ஒன்றரையாக்கி அதைக் கெடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் முத்தம் போனது.

எதிர்பார்த்த கொதிப்பு வரவில்லை. வந்த கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை ஆதரவு என்கிறார் நிக்கோல்ஸ். தென் மாநில வெள்ளையர் ஒருவர், தனக்கு இனக் கலப்பில் உடன்பாடில்லை, ஆனால் இப்படியொரு அழகி கைக்குள் வந்தால் கிர்க் மாதிரி ஆள் விலகிப் போகவா செய்வான் என்ற பொருளில் எழுதியிருந்தார். இனவெறி அதில் போய்விடவில்லை, ஆணாதிக்கத்தோடு சமரசம் செய்துகொண்டது, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். கதைப்படி அந்த முத்தம் இருவரும் விரும்பித் தந்ததே இல்லை. வேற்றுக்கோள் ஆட்கள் மனவலிமையால் அவர்களைப் பொம்மையாக ஆட்டுவிக்கிறார்கள். விண்வெளியில்கூட காதலுக்குக் கட்டாயம் என்ற சாக்கு தேவைப்பட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் இனக் கலப்பு முத்தம் இதுதான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல, வேறு சில நிகழ்ச்சிகளில் முன்பே வந்திருக்கிறது.

உஹுராவைப் பார்த்த கண்கள் என்ன செய்தன? 1977இல் நாசா புதிய விண்வெளி வீரர்களைத் தேடியபோது, பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்க வைக்கும் பொறுப்பு நிக்கோல்ஸிடம் வந்தது. ஊர் ஊராகப் போனார். 8,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 1,500க்கும் மேல் பெண்களுடையவை. 1978 ஜனவரியில் 35 பேர் தேர்வானார்கள். அதில் பெண்கள் 6 பேர், கறுப்பின ஆண்கள் 3 பேர். அந்த மூவரில் ஒருவர், எம்.ஐ.டி.யில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த ரொனால்ட் மெக்நேர். நூலக மேசை மேல் உட்கார்ந்த அதே பையன். 1984இல் விண்வெளிக்குப் போய் வந்தார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்ததில் இறந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். அவருக்குப் புத்தகம் மறுத்த நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் நினைவகமாக இருக்கிறது. அந்த 35 பேரில் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை. மே ஜெமிசன் போவதற்கு 1992 வரை ஆனது. அவர் தன் பணி நேரத்தை உஹுராவின் வசனத்தைச் சொல்லித்தான் தொடங்குவாராம்.

அடுத்தது நமக்கு நெருக்கமான பெயர். ‘பிளாக் பேந்தர்’ என்ற சூப்பர் ஹீரோ மார்வெல் படக்கதையில் அறிமுகமானது 1966இன் நடுவில். ஓக்லாந்து நகரில் கருஞ்சிறுத்தைகள் கட்சி தொடங்கியது அதே ஆண்டு அக்டோபரில். கட்சியின் பெயர் அரசாங்கத்தைக் கலங்கடித்ததும், 1972இல் மார்வெல் தன் நாயகனின் பெயரைக் கொஞ்ச காலத்துக்கு ‘பிளாக் லெப்பர்டு’ என்று மாற்றியது. அந்தக் கட்சியோடு தன்னைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். சிறுத்தை என்ற சொல்லைக் கேட்டே வாசகர் மிரள்வார் என்ற பயம். அதே 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலிய இளைஞர்கள் அந்தப் பெயரை எடுத்துத் ‘தலித் பேந்தர்’ என்று தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். பெரிய நிறுவனம் கீழே போட்ட சொல்லை நம் ஆட்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சி தமிழ்நாட்டில் எந்தப் பெயரில் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

2018இல் அந்த நாயகன் முழுநீளப் படமாக வந்தான். கறுப்பர்களை மையமாக வைத்த படம் உலகச் சந்தையில் ஓடாது என்பது ஹாலிவுட்டின் பழைய வேதம். படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஹார்லெம் சிறுவர்களை அழைத்துப் போகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவிலேயே கடுமையான விமர்சனத்தையும் கறுப்பினப் பார்வையாளர்களே வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஓக்லாந்தின் ஏழைப் பிள்ளையான கில்மாங்கர் உலகமெங்கும் ஒடுக்கப்பட்டோருக்கு ஆயுதம் தர வேண்டும் என்கிறான். அவன் வில்லனாகிச் சாகிறான். சி.ஐ.ஏ. ஆள் நல்லவனாக வருகிறான். இது எங்களுக்கு உரிய படமில்லை என்று தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டோபர் லெப்ரான் எழுதினார். படத்தை நேசித்தபடியே அதோடு சண்டை போட்டார்கள்.

அந்தப் படத்தில் மலைக்குடி ஒன்று ‘ஹனுமான்’ என்ற பெயரைச் சொல்லி முழங்கும். இந்தியாவில் வெளியானபோது தணிக்கை வாரியம் அந்தச் சொல்லின் ஒலியை நீக்க வைத்தது. யாரும் புண்படுவதற்கு முன்பே புண்ணுக்கு மருந்து. 2015இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கறுப்பின நடிகர் ஜான் போயேகா முதன்மைப் பாத்திரம். சீனச் சுவரொட்டியில் அவர் உருவம் மட்டும் சின்னதாகிவிட்டது. அடுத்த படத்தில் நடித்த வியட்நாம் அகதிகளின் மகள் கெல்லி மேரி டிரானை இணையத்தில் இனவெறியர்கள் விரட்டினார்கள். 2018இல் அவர் இன்ஸ்டாகிராம் பதிவுகளை அழித்துவிட்டு ஒதுங்கினார். 2019இல் வந்த அடுத்த பாகத்தில் அவர் தோன்றும் நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. வசை பாடியவர்களின் கடிதம் மட்டும் எப்போதும் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ரோகித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில், கார்ல் சேகன் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டதாக எழுதியிருந்தார். 2016 ஜனவரி 17. சேரிப் பிள்ளை வானத்தைப் பார்த்து என்ன நினைத்தது என்று ஒரு நாடே படித்த கடிதம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய மனுக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

1980களில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை ‘ஸ்டார் ட்ரெக்’ ஓடியது. அப்போது யார் வீட்டில் டி.வி. இருந்தது? பஞ்சாயத்து டி.வி. இருந்த ஊரில் அது ஊர்த்தெருவில் இருந்ததா, காலனியில் இருந்ததா? நம் ஆட்கள் எங்கே நின்று பார்த்தார்கள், உஹுராவைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்கள்? இதை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் அந்த வயதுக்காரர்கள் இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள், பெயர் போடாமலும் அனுப்பலாம். இரவுப் பள்ளி நடத்தும் தோழர்கள் இப்போதைய பிள்ளைகளிடமும் கேட்கலாம். வருவதை வெட்டாமல் இங்கே போடுகிறேன்.