கண்டி ஏரியும் எங்க ஊர் சமாதியும்

வேலூர்க்காரங்க கிட்ட 'ஊர்ல பார்க்க என்ன இருக்கு?'ன்னு கேட்டா கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், தங்கக் கோயில்னு அடுக்குவாங்க. பாலாத்தங்கரை முத்து மண்டபத்தைச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை. சின்ன வயசுல அந்தப் பக்கம் போறப்போ 'யாரோ சிலோன் ராஜாவாம்'னு பெரியவங்க கைகாட்டுவாங்க, அவ்வளவுதான். அந்த 'யாரோ'வைப் பத்தி யோசிக்க நான் கண்டி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

கண்டிக்குப் போனது சும்மா நடக்கத்தான். (டாக்டர் சொன்ன நடை இல்லைங்க, ஆசைக்கு நடை.) சுத்தி மலை, நடுவுல ஏரி, அதுக்கு மேல காடு, அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி பேராதனைப் பூங்கா. நடக்கப் பிடிச்சவனுக்கு வேற என்ன வேணும்? உயரம் 500 மீட்டர்தான், ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துப் போகாதீங்க.

காலையில ஆறு மணிக்கு ஏரியைச் சுத்த ஆரம்பிச்சேன். ஒரு சுத்து மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கரையெல்லாம் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், கிளை முழுக்க நீர்க்காகம். ஓரிடத்துல ஆளுயர உடும்பு ஒண்ணு தண்ணியில இருந்து ஏறி வந்து என்னைப் பார்த்தது. நான் எதிர்ப்பக்கம் நகர்ந்துட்டேன் :-) ஊர்சனம் மொத்தமும் அங்கதான் நடக்குது. ஸ்கூல் பசங்க, வயசானவங்க, காதல் ஜோடி, தலதா மாளிகைக்குப் பூத்தட்டோட போறவங்க.

இவ்வளவு பேர் ஆசையா சுத்துற இந்த ஏரிதான், ஒரு காலத்துல ஊரே வெறுத்த ஏரி.

இதை உண்டாக்கினவர் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். சொந்தப் பேர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம். 1798-ல பட்டத்துக்கு வந்தார், 1815-ல எல்லாம் முடிஞ்சது. அந்த ஆட்சியோட பின்பாதியில, அரண்மனைக்கு முன்னாடி இருந்த வயலுக்குக் குறுக்கே அணை போட்டுத் தண்ணியை நிறுத்தச் சொன்னார். நம்ம பக்கம் ஏரி வெட்டினா வயலுக்காக வெட்டுவாங்க. இங்கே வயலை மூழ்கடிச்சு ஏரி! பாசனத்துக்கு இல்லை, அழகுக்கு. பேரும் 'பாற்கடல்'தான், சிங்களத்துல கிரி முகுத. வடிவமைச்ச ஸ்தபதி தேவேந்திர மூலாச்சாரி. கரையோரம் அலை அலையா ஒரு சுவர் ஓடுதே, அதுக்கு மேகச் சுவர்னு அர்த்தம் வர்ற வலாகுளு பம்மன்னு பேர். முழுசா முடியறதுக்குள்ள ராஜாவே போயிட்டார்.

வேலை செஞ்சது யாருன்னு கேக்கறீங்களா? ராஜகாரியம்னு ஒரு முறை. நிலம் வச்சிருக்கிறவன் பதிலுக்கு ராஜாவுக்கு உழைக்கணும். குளம், சாலைன்னா ஜனம் முணுமுணுக்காம செய்யும். அரண்மனைக்கு முன்னாடி அழகு பார்க்க மண் சுமக்கச் சொன்னா? எதிர்த்த பெரிய மனுஷங்களை ஏரிக்குள்ளேயே கழுவேத்தினார்னு ஒரு கதை இன்னிக்கும் சொல்றாங்க. ஜெயிச்ச வெள்ளைக்காரனுக்கும் அந்தக் கதை வசதியா இருந்திருக்கும், அதனால நான் பாதிதான் நம்பறேன்.

ஆனா அடுத்தது கதை இல்லை. 1814-ல எஹலபொல என்கிற பெரிய அதிகாரி ஆங்கிலேயர் பக்கம் சாய்ஞ்சார். கோபத்துல ராஜா அவரோட பிள்ளைங்க தலையை வெட்டச் சொன்னார், மனைவியைப் போகம்பர குளத்துல மூழ்கடிக்கச் சொன்னார். குளம் பின்னாடி தூர்ந்து மைதானமாச்சு. நான் போனப்போ அங்கே பையன்கள் பந்து விளையாடிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் உடவத்தகலை காடு. மாளிகைக்குப் பின்னாடியே மேல ஏறுது, நூறு ஹெக்டேருக்குச் சற்று மேல. ராஜா காலத்துல சாதாரண ஜனம் உள்ளே கால் வைக்கக் கூடாது. பிறகு கவர்னர் மாளிகைக்குப் பின்கட்டு மாதிரி ஆச்சு. வெள்ளைக்காரங்க பாதை போட்டு அதுக்கெல்லாம் கவர்னர் சம்சாரங்க பேரை வச்சாங்க. அதுல ஒண்ணு லேடி ஹார்ட்டன் நடை. இந்த அம்மாவை லண்டன்ல 1814-ல ஒரு விருந்துல பார்த்துட்டுத்தான் பைரன் தன்னோட ரொம்பப் பிரபலமான ஒரு கவிதையை எழுதினார். அது அச்சான 1815-லதான் கண்டி விழுந்துச்சு! சுத்துப்பட்டு மலைக்காட்டையெல்லாம் காப்பிக்காக மொட்டையடிச்சப்போ, இந்தக் காடு தப்பிச்சுது. 1856-ல ஒதுக்குக்காடு, 1938-ல சரணாலயம். இப்போ டிக்கெட் எடுத்தா நீங்களும் நானும் போகலாம். அட்டைக்கு மட்டும் டிக்கெட் கிடையாது, ரெண்டு காலையும் பதம் பார்த்துருச்சு.

காட்டோரமா ஒரு பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டம் இருக்கு. 1824-ல செத்துப்போன ஜான் டொய்லி அங்கதான் புதைக்கப்பட்டிருக்கார். தலைவர்களோட ரகசியமா பேசிப்பேசி ராஜாவைக் கவிழ்த்த ஆள். 1815 பிப்ரவரி 18-ல ராஜா பிடிபட்டார், மார்ச் 2-ல ஒப்பந்தம். கவிழ்த்தவர் ராஜாவோட தோட்டத்துக்குப் பக்கத்துலயே நிழல்ல படுத்திருக்கார். ஏரியைக் கட்டினவரை 1816-ல கப்பலேத்தி மெட்ராஸ் வழியா எங்க ஊருக்குக் கொண்டுவந்தாங்க. திப்பு குடும்பத்தை 1806 கலகத்துக்கு அப்புறம் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டதால கோட்டையில இடம் இருந்தது போல. கோட்டைக்குள்ள கண்டி மகால்னு ஒண்ணு இருக்கே, எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன், ஏன் அந்தப் பேர்னு ஒருநாளும் கேட்டதில்லை. பதினாறு வருஷம் சிறை. 1832 ஜனவரியில செத்துப்போனார். முத்து மண்டபம் கட்டினது 1990-ல.

பேராதனையைப் பத்தி எழுதினா இன்னொரு கட்டுரை ஆயிடும். 1821-ல அலெக்சாண்டர் மூன் ஆரம்பிச்சது, 147 ஏக்கர், ஒரு முழு நாள் ஒதுக்கிட்டுப் போங்க.

அங்கே என்னைக் கூட்டிட்டுப் போன ஆட்டோக்காரத் தம்பி மலையகத் தமிழர். தாத்தாவோட அப்பா காலத்துல தோட்ட வேலைக்கு வந்த குடும்பமாம். "ஏரியைக் கட்டின ராஜா சமாதி எங்க ஊர்லதான் இருக்கு தம்பி"ன்னேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா அண்ணே? கொடுமைக்கார ராஜான்னுதான் ஸ்கூல்ல படிச்சோம்"னார். கொஞ்சம் பொறுத்து, "ஊருக்குப் போனா ஒரு எட்டு பார்த்துட்டு, ஏரியில தண்ணி நெறைய இருக்குன்னு சொல்லுங்க."

போன ஞாயித்துக்கிழமை போனேன். மண்டபத்துல என்னைத் தவிர யாரும் இல்லை. பாலாத்துல மணல்தான் தெரிஞ்சது. தம்பி சொன்னதைச் சொல்லிட்டு வந்தேன்.