நாகதாளிக்குள் இருந்த மருந்து

நாகதாளியை நம்மவர் ஒரு பயிராகக் கருதியதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து இலங்கையின் வறண்ட கரையோரங்களை ஆக்கிரமித்த முட்செடி அது. வெட்டி எறிவோம்; மீண்டும் முளைக்கும். 2015இல் கொழும்புப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இச்செடிக்குள் குடியிருக்கும் பங்கசுகளை ஆராய்ந்தனர். (தமிழகத்தார் பூஞ்சை என்பதையே இலங்கைப் பாடநூல்கள் பங்கசு என்கின்றன.) இவை செடிக்கு நோய் தராமல் அதன் இழையங்களுக்குள் வாழ்பவை. அவற்றுள் ஒன்றான பியூசேரியத்திலிருந்து எக்குயிசெற்றின் என்ற சேர்மம் கிடைத்தது. 1970களிலேயே அறியப்பட்ட சேர்மந்தான். ஆனால் மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெபைலோகொக்கஸ் பக்டீரியாவை அது ஆய்வுகூடத்தில் அடக்கியது.

அதே ஆண்டில் மற்றொரு செய்தி. தோட்டக்காரரின் தீராத் தலைவலியான கோரையின் கிழங்கிலிருந்து ஒரு பங்கசைப் பிரித்தெடுத்தனர். நெல்லையும் உருளைக்கிழங்கையும் தாக்கும் றைசொக்ரோனியா சொலானி அது. அதிலிருந்து கிடைத்த சொலானியோயிக் அமிலம் முற்றிலும் புதியது. அதுவும் அதே பக்டீரியாவை எதிர்த்தது.

'புதிய மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்பிட எந்தப் பத்திரிகையாளனுக்கும் கை துறுதுறுக்கும். பெனிசிலினின் வரலாற்றைப் படித்தபின் எனக்கு அந்தத் துணிவு வருவதில்லை.

அலெக்ஸாண்டர் பிளெமிங் லண்டனில் அதனைக் கண்டது 1928இல். மறு ஆண்டு கட்டுரையும் எழுதினார். பின்னர் பத்தாண்டுகள் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1939இல் ஒக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அதைக் கையிலெடுத்தனர். போர்க்காலம், பாத்திரம் போதாமல் வைத்தியசாலை மலத்தட்டுகளிற்கூட அந்தப் பூஞ்சணத்தை வளர்த்தனர். 1941 பெப்ரவரியில் அல்பேர்ட் அலெக்ஸாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு மருந்து ஏற்றப்பட்டது. ரோசா முள் கீறியதால் வந்த தொற்று என்றே பலரும் எழுதுவர். குண்டுவீச்சில் பட்ட காயம் என்று அவருடைய மகள் பின்னாளில் கூறினார். சில நாட்களில் அவர் தேறினார். மருந்தோ தீர்ந்துகொண்டிருந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினை மீட்டெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அதுவும் முடிந்தது. மார்ச்சில் அவர் இறந்தார். மருந்து எதுவென்று தெரிந்திருந்தது. போதிய அளவு இல்லை, அவ்வளவே. அமெரிக்க, பிரித்தானிய அரசுகள் போருக்காகப் பணத்தைக் கொட்டிய பிறகே 1944இல் அது படைவீரர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

பக்டீரியாக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. அந்தப் பொலிஸ்காரருக்கு ஊசி ஏற்றுமுன்னரே, 1940இல், பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் பக்டீரியாவில் இருப்பதை ஏபிரகாமும் செயினும் வெளியிட்டிருந்தனர். மெதிசிலின் 1959இல் வந்தது. 1961இல் அதற்கு அடங்காத வகை பிரித்தானியாவில் பதிவாயிற்று. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக இறந்தோர் 12.7 இலட்சம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

போர் தந்த அவசரம் இன்று இல்லை. பணம் போடுவோரும் குறைவு. நுண்ணுயிர்க்கொல்லியை நோயாளி ஒரு வாரம், இரு வாரம் உட்கொள்வார். புதியதாயின் அதனைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைக்குமாறு வைத்தியர்களே கூறுவர். அது சரியான மருத்துவம், மோசமான வியாபாரம். அமெரிக்காவின் அக்கேயோஜன் நிறுவனத்தின் பிளாசோமைசின் மருந்துக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் அந்நிறுவனம் வங்குரோத்தாயிற்று. அனுமதி பெற்ற மருந்துக்கே இந்தக் கதி. நாகதாளியிலும் கோரையிலும் கிடைத்தவை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை.