சடாகோ என்னும் பெயர்



ஹிரோஷிமா நகரத்துச் சிறுமி சடாகோவின் கதையைக் கேளாதவர் உங்களுள் மிகச் சிலரே இருப்பர். அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று, மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே காகிதக் கொக்குகளை மடித்த அச்சிறுமியின் வரலாற்றை நானும் பல ஆண்டுகளாக என் வகுப்புகளில் கூறி வந்திருக்கிறேன். ஒரு நாள் அதனைச் சொல்லி முடித்த வேளையில், கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தப் பெயருக்கு என்ன பொருள்?" என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று கூறி வகுப்பை முடித்தேன். மறுநாளும் என்னால் சொல்ல இயலவில்லை. அந்தச் சிறு வினா என்னை ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் அழைத்துச் சென்றது. அவ்வழியில் நான் கண்டவற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

மறுநாளும் விடை கூற இயலாமைக்குக் காரணம் உண்டு. ஜப்பானியப் பெயர் ஒன்றைக் காதால் கேட்ட மாத்திரத்தில் அதன் பொருளைச் சொல்லிவிட முடியாது. அஃது எவ்வாறு எழுதப்படுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். தமிழில் 'மாலை' என்னும் சொல் பொழுதையும் குறிக்கும், பூந்தொடையலையும் குறிக்கும். எழுதும்போது இரண்டும் ஒன்றே. பொழுதுக்கு ஒரு சித்திர எழுத்தும், தொடையலுக்கு வேறொரு சித்திர எழுத்தும் நம்மிடம் இருப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்போது ஒலி ஒன்றாயிருக்க, எழுத்தும் பொருளும் வேறாகும். சீனத்திலிருந்து எழுத்தைப் பெற்ற ஜப்பானியரின் நிலை இதுவே. 'சடாகோ' என்பதன் இறுதியில் உள்ள 'கோ' குழந்தையைக் குறிக்கும். முன்னுள்ள 'சடா' என்னும் பகுதியையோ பல எழுத்துகளால் எழுதலாம். எழுத்து மாறினால் பொருளும் மாறும்.

இந்தக் 'கோ' என்னும் ஈற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பண்டைக் காலத்தில் அது அரண்மனை மகளிர்க்கும் உயர்குடிப் பெண்டிர்க்கும் உரியதாய் இருந்தது. உழவர் வீட்டுப் பெண்கள் மலரின் பெயரோ பருவத்தின் பெயரோ கொண்ட குறும்பெயர்களால் அழைக்கப்பட்டனர். 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக் காலத்திற்குப் பின்னர், பழைய குலப் பிரிவுகள் தளர்ந்தபோது, அரண்மனைக்குரிய அவ்வீறு சிறிது சிறிதாகக் குடிமக்கள் வீடுகளிலும் புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 'கோ' என முடியும் பெயர் இல்லாத வகுப்பறையே ஜப்பானில் இல்லை எனலாம். பின்னர் அவ்வழக்கம் மெல்லக் குறைந்தது. நான் கண்ட நால்வருள் இருவர் அரசியர்; ஒருத்தி முடிதிருத்துவோரின் மகள்; மற்றொருவர் அறிஞர். ஒரு பெயர் அரண்மனையினின்று இறங்கி வந்த வழியையும் இந்நால்வரின் வரலாற்றில் காணலாம்.

முதலாமவர் 977ஆம் ஆண்டளவில் பிறந்தவர். புஜிவாரா குலத்து மிச்சிதாகா என்பாரின் மகள். இச்சிஜோ பேரரசரின் பட்டத்தரசி. இவர் பெயரை எழுதிய எழுத்துக்கு 'நிலைபெறுதல்' என்பது பொருள். அதனைச் சடாகோ என்றும் படிக்கலாம். சீன ஒலியில் தெய்ஷி என்றும் படிக்கலாம். அக்காலத்தில் அவரை எவ்வாறு ஒலித்தனர் என்பது உறுதியாகத் தெரியாமையால், இக்கால ஆசிரியர் தெய்ஷி என்றே எழுதுவர். இன்று கியோட்டோ என வழங்கும் தலைநகரில், இவருடைய அவை புலமைக்கும் நகைச்சுவைக்கும் பேர்பெற்று விளங்கியது. பனி மிகப் பெய்திருந்த ஒரு நாள், அரசியார் சீனக் கவிஞர் ஒருவர் பாடிய மலையின் பெயரைச் சொல்லி, அதன் பனி எவ்வாறிருக்குமோ என்று கேட்டார். தோழி சேய் ஷோனகோன் வாய் திறந்து விடை கூறவில்லை. எழுந்து சென்று பலகணியின் மறைப்பை உயர்த்தினார். அப்பாடலில் கவிஞர் செய்ததும் அதுவே. அரசியார் முறுவலித்தார்.

ஆனால் நிலைபெறுதல் என்னும் பெயர் கொண்ட அவருடைய வாழ்வு நிலைபெறவில்லை. 995இல் தந்தையார் மறைந்தார். மறு ஆண்டில் உடன்பிறந்தார் இருவர் தலைநகரை விட்டுத் துரத்தப்பட்டனர். அரசியார் கூந்தலைக் களைந்து துறவு பூண்டார். ஆயினும் பேரரசர் அவரை மீண்டும் தம்பால் வரவழைத்துக் கொண்டார். 1000ஆம் ஆண்டில் சிற்றப்பனார் மிச்சிநாகா தம் மகளையும் பட்டத்தரசியாக்கினார். ஓர் அரசருக்கு ஒரே காலத்தில் இரு பட்டத்தரசியர் என்பது ஜப்பான் அதற்கு முன் கண்டறியாதது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், மகப்பேற்றினை ஒட்டித் தெய்ஷி அரசியார் உயிர் நீத்தார். வயது இருபத்து நான்கையும் கடக்கவில்லை. சேய் ஷோனகோன் எழுதிய 'தலையணைப் புத்தகம்' இத்துயரங்களை மிகுதியாகப் பேசுவதில்லை. அரசியாரின் சிரிப்பையும் அறிவையுமே பேசுகிறது. அரசியாருக்கு வாழ்வில் கிட்டாத நிலைபேறு அந்நூலிற் கிட்டியது.

இரண்டாமவரும் அதே புஜிவாரா மரபின் கிளையான கூஜோ குடும்பத்தவர். 1884இல் பிறந்தார். இளம் பருவத்தில் தோக்கியோவின் புறத்தே ஓர் உழவர் இல்லத்தில் வளர்க்கப்பட்டார். 1900ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், பட்டத்து இளவரசரை மணந்தார். இளவரசர் 1912இல் தைஷோ பேரரசரானார். 1926இல் அவருக்குப்பின் அரியணை ஏறிய ஹிரோஹிதோ இவ்வம்மையாரின் மூத்த மகன். இவர் பெயரின் எழுத்து, மூங்கிலின் கணுவைக் குறிப்பது. அதன் வழியே பருவத்தையும் நெறி தவறாமையையும் உணர்த்துவது.

இங்கே ஒரு வேடிக்கையைக் காணலாம். நிலவைக் குறிக்கும் ஒரே சித்திரத்தைத் திங்கள் என்று ஒருவரும் மதி என்று மற்றொருவரும் படிப்பது போல, இவ்வரசியாரின் பெயரெழுத்துகளைச் செட்சுகோ என்றும் படிக்கலாம். 1928இல் இவருடைய இரண்டாம் மகனை மணக்க வந்த மங்கைக்குச் செட்சுகோ என்பதே பெயர். மாமியாரின் எழுத்தை மருமகள் தாங்குதல் முறையன்று எனக் கருதி, ஒலியை மாற்றாமல் எழுத்துகளை மட்டும் மாற்றிக் கொண்டார் அம்மங்கை!

அரசியார் தொழுநோயாளர்பால் பெரிதும் இரக்கங் கொண்டு பொருள் வழங்கினார். அவ்விரக்கத்தைப் பலரும் போற்றினர். எனினும், வரலாறு கற்போர் மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1931ஆம் ஆண்டுச் சட்டம், நோயுற்றோரை வீட்டினின்றும் ஊரினின்றும் பிரித்து, வாழ்நாள் முழுதும் ஒதுக்கி வைக்க வழி செய்தது. குணப்படுத்தும் மருந்து வந்த பின்னரும் அம்முறை நீடித்தது. அரசியார் 1951இல் மறைந்தார். ஒதுக்கி வைக்கும் சட்டம் நீக்கப்பட்டதோ 1996இல்தான். அரசியாரின் கருணை அக்கொடிய முறைக்கு ஒரு புகழொளியைத் தந்துவிட்டது எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுவர். நல்லுள்ளம் ஒன்றே நன்மைக்குப் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாமவள்தான் நாம் அறிந்த சிறுமி. சசாகி சடாகோ 1943 ஜனவரி 7ஆம் நாள் ஹிரோஷிமாவில் பிறந்தாள். அவள் பெற்றோர் முடிதிருத்தும் தொழில் செய்தோர். அவர்கள் தேர்ந்தெடுத்த எழுத்துக்கு 'மங்கலம்', 'நற்பேறு' என்பது பொருள். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் குண்டு வெடித்தபோது அவளுக்கு வயது இரண்டு. வெடித்த இடத்திற்கு ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தொலைவில் அவள் வீடு இருந்தது. அன்று காயம் ஒன்றும் இன்றித் தப்பினாள். பள்ளியில் விரைந்து ஓடுவதில் பெயர் பெற்றாள். 1955 பிப்ரவரியில் குருதிப் புற்றுநோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அவ்வாண்டின் ஆகஸ்டு மாதம் நகோயா நகரத்திலிருந்து நோயாளர்க்குக் காகிதக் கொக்குகள் வந்தன. ஆயிரம் கொக்குகளை மடித்தால் வேண்டியது கைகூடும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. தாள் கிடைத்தற்கு அரிய காலமாதலின், மருந்து சுற்றி வந்த தாள்களிலும் அவள் மடித்தாள். அக்டோபர் 25ஆம் நாள் கண் மூடினாள்.

அவள் 644 கொக்குகளை மடித்து இறந்தாள் என்றும், எஞ்சியவற்றைத் தோழர்கள் மடித்து ஆயிரமாக்கினர் என்றும் நான் வகுப்பில் சொல்லி வந்தேன். கேட்ட மாணவர் கண் கலங்குவர், நானும் கலங்குவேன். ஆனால் அது 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறுவர் நூலால் பரவிய செய்தி. அவள் ஆயிரத்தையும் கடந்து மடித்துக்கொண்டே இருந்தாள் என்பதே குடும்பத்தார் கூற்று. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் அவ்வாறே கூறுகிறது. இதனை அறிந்த அன்று நான் வெட்கமுற்றேன். கதையிலே தொகை நிறையவில்லை. ஆகவே அவள் இறந்தாள் என்று நம் மனம் அமைதி கொள்கிறது. உண்மையிலோ தொகை நிறைந்தது, நம்பிக்கை பொய்த்தது, அதன் பின்னும் அவள் மடித்தாள். அழகிய கதையினும் உண்மை கடுமையானது. அக்கடுமையை மறைக்க நமக்கு உரிமை இல்லை. அவளுடைய வகுப்புத் தோழர்கள் முயன்று நிதி திரட்டினர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் உதவின. 1958 மே 5ஆம் நாள், ஜப்பானியர் குழந்தைகள் நாளாகக் கொண்டாடும் அந்நாளில், ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் குழந்தைகளின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

நான்காமவர் ஒகாதா சடாகோ அம்மையார். 1927இல் தோக்கியோவில் பிறந்தார். இவர் பெயரின் எழுத்து கற்பையும் கொண்ட கொள்கையில் வழுவாமையையும் குறிப்பது. இவருடைய கொள்ளுப்பாட்டனாராகிய பிரதமர் இனுகாய் சுயோஷி, 1932 மே 15ஆம் நாள் இளம் படையதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது இவர் நான்கு வயதுக் குழந்தை. வளர்ந்தபின், படையினர் மஞ்சூரியாவைக் கைப்பற்றித் தம் நாட்டரசையே மீறிய வரலாற்றை ஆராய்ந்து, 1963இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1991இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையரானார். அப்பொறுப்பை ஏற்ற முதற் பெண்மணி அவரே.

பதவியேற்ற சில வாரங்களிலேயே பெருஞ்சோதனை ஒன்று வந்தது. ஈராக்கிலிருந்து குர்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓடினர். ஈரானுக்குட் சென்றோர் பலர். துருக்கியோ எல்லையை அடைத்தது. நான்கு இலட்சம் மக்கள் மலைப்பனியில் நின்றனர். 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தம் நாட்டு எல்லையைத் தாண்டியவரே அகதி. இவர்கள் தாண்டவில்லை, ஆகவே ஆணையத்தின் பொறுப்பில் உள்ளவரல்லர். அலுவலர் இரு பக்கமும் வாதிட்டனர். அம்மையார் எல்லைக்கு உள்ளேயே அம்மக்களுக்கு உதவ முடிவு செய்தார். உயிரைக் காப்பதே விதியின் நோக்கம் என்பது அவர் கருத்து. இலங்கையில் மன்னார் மாவட்டத்து மடுவில், போரால் வீடிழந்தும் நாட்டு எல்லையைத் தாண்டாத தமிழ் மக்களுக்கென 1990 முதல் ஆணையம் நடத்திய நிவாரண நிலையமும் அவர் காலத்தில் தொடர்ந்து நடைபெற்றது. 2000ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார், 2019இல் மறைந்தார். மகளிரை வீட்டில் அடக்குதற்குப் பயன்பட்ட கற்பு என்னும் சொல்லுக்கு, ஏதிலியரைக் கைவிடாமை என்னும் புதுப்பொருளை இவர் வாழ்வு தந்தது.

இன்றைய இளைஞர் சிலர், சடாகோ என்றதும் கிணற்றிலிருந்து எழும் பேயுருவை நினைப்பர். அஃது 1991இல் வெளிவந்த ஒரு நாவலிலும், 1998இல் அதனை ஒட்டி எடுத்த படத்திலும் வரும் கற்பனைப் பாத்திரம். அதன் பெயரும் ஒகாதா அம்மையாரின் பெயரும் ஒரே எழுத்துகளால் ஆனவை. அம்மையார் மலைப்பனியில் நின்ற மக்களைக் காத்த அதே ஆண்டில் அந்நாவல் வந்தது. எந்தச் சடாகோவை நாம் நினைவிற் கொள்கிறோம் என்பது நம்மைப் பொறுத்தது.

அந்த மாணவிக்கு நான் விடை கூறியபோது கல்வியாண்டு முடியும் தறுவாயில் இருந்தது. "மங்கலம் என்று பொருள், அம்மா" என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் பெயர் பொய்த்துவிட்டதா, ஐயா?" என்று கேட்டாள். இம்முறை நாளைக்குச் சொல்கிறேன் என்று நான் கூறவில்லை. பெயர் என்பது வருவது உரைத்தலன்று. பெற்றோர் செய்யும் வேண்டுதல். ஹிரோஷிமாவில் முடிதிருத்தும் எளியோர் இருவர், போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், தம் குழந்தைக்கு மங்கலம் வேண்டினர். அவ்வேண்டுதலில் பிழை இல்லை. அதனைப் பொய்யாக்கியவர் போரை நடத்தியோரும் குண்டை வீசியோருமே. இதனையே அவளிடம் சொன்னேன்.

மாணவர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் பெயருக்குப் பொருள் என்ன என்று பெற்றோரைக் கேளுங்கள். எதனை வேண்டி அப்பெயரை இட்டனர் என்றும் கேளுங்கள். பிறர் வீட்டுக் குழந்தைகளின் பெயர்களுக்குப் பின்னும் அத்தகைய வேண்டுதல் ஒன்று உண்டு என்பதை அப்போது மறவாதிருங்கள்.