வேலியோரச் சுண்டை

சுண்டை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. நம்ம வேலியோரம் தானா முளைச்சதால அப்படித் தோணவே தோணாது. பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றால், என் மாமியார் காயை நசுக்கி, உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்த வற்றலை நெய்யில் வறுத்து, முதல் உருண்டையிலேயே பிசைந்து ஊட்டுவார்கள். சித்த வைத்தியத்திலும் கழிச்சலுக்கு சுண்டை வற்றல் சூரணம் உண்டு. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. அங்கே போய் வந்த பிறகுதான் அத்தை செய்தது வைத்தியம் என்று எனக்கே புரிந்தது.

ஆனா கசப்பை மட்டும் நம்பி அத்தை சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க. புண் ஆறாம கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாச்சு. இப்போ மாத்திரையும் உண்டு, வத்தக்குழம்பும் உண்டு. வேலிதான் இல்லை, எல்லாம் பிளாட் ஆயிடுச்சு. வற்றலைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறோம்.