வீட்டு உடற்பயிற்சியில் இதயத் துடிப்பும் உழைப்பின் அளவும்

கடும் உடற்பயிற்சியின்போது இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கலாம், உடலை எதுவரை வருத்தலாம் என்பதை மதிப்பிட மூன்று வழிகள் உள்ளன. துடிப்பை எண்ணிப் பார்ப்பது ஒன்று. மூச்சையும் களைப்பையும் கொண்டு உழைப்பை அளப்பது இன்னொன்று. பயிற்சியை நிறுத்தியதும் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று கவனிப்பது மூன்றாவது. ஜிம்மில் பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்தே நிறுத்தச் சொல்வார். கைபேசித் திரையைப் பார்த்து வரவேற்பறையில் குதிப்பவருக்கு அந்தத் துணை இல்லை என்பதால், இந்த மூன்றும் அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மிகப் பரவலாக அறியப்பட்ட கணக்கு 220-லிருந்து வயதைக் கழிப்பது. கிடைப்பது ஒருவரின் உச்சத் துடிப்பு என்பார்கள். 1971-இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கெல் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இது பரவியது. ஏற்கெனவே வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, அவற்றின் போக்கைப் பார்த்துப் பெற்ற உத்தேச மதிப்பு அது. ஆனாலும் ட்ரெட்மில்களிலும் ஜிம் சுவர்களிலும் அது சட்டம்போல் ஒட்டிக்கொண்டது. அதற்குக் கிடைத்த மரியாதை தகுதிக்கு மீறியது என்றே சொல்ல வேண்டும். ஒரே வயதுடைய இருவரின் உண்மையான உச்சத் துடிப்புக்கிடையே இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். 2001-இல் ஹிரோஃபூமி தனாகாவும் சகாக்களும் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கும் கணக்கைத் தந்தார்கள். 2010-இல் மார்த்தா குலாட்டி தலைமையிலான குழு, சிகாகோ பகுதிப் பெண்களை ஆராய்ந்து, பெண்களுக்கு வயதை 0.88-ஆல் பெருக்கி 206-லிருந்து கழிப்பதே பொருத்தம் என்றது.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பயிற்சி தொடங்கும் 45 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் கணக்கின்படி அவருடைய உச்சம் 175, இரண்டாவதில் 176 அல்லது 177, மூன்றாவதில் 166. காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் அவருடைய நாடி 72 என்று வைத்துக்கொண்டால், பின்லாந்து ஆய்வாளர் மார்த்தி கார்வோனென் 1957-இல் காட்டிய முறையைப் பயன்படுத்தலாம். உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதியில் வேண்டிய சதவீதத்தை எடுத்து, ஓய்வுத் துடிப்போடு கூட்டுவதுதான் அந்த முறை. மீதியில் 40 முதல் 59 சதவீதம் வரை மிதமான உழைப்பு. 60 முதல் 89 வரை கடும் உழைப்பு. 175-ஐ உச்சமாகக் கொண்டால் இவருடைய கடும் உழைப்பு எல்லை 134 முதல் 164 வரை. 166-ஐக் கொண்டால் 128 முதல் 156 வரைதான். ஒரு கணக்கு தாராளமாக அனுமதிக்கும் 164, இன்னொரு கணக்கில் கிட்டத்தட்ட உச்சத்தையே தொட்டுவிடுகிறது. சூத்திரம் தரும் எண்ணைத் தொடக்கப்புள்ளியாக மட்டுமே கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அளக்கும் கருவியிலும் கவனம் தேவை. ஸ்மார்ட் வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. நடக்கும்போது ஓரளவு சரியாகக் காட்டும் அது, பர்ப்பி, தண்டால் போன்றவற்றில் மணிக்கட்டு மடங்கும்போதும் பட்டை தளர்ந்திருக்கும்போதும் தடுமாறும். சில நேரம் குதிக்கும் எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்னோட்டத்தையே பிடிப்பதால் கூடுதல் நம்பகமானது. எதுவும் இல்லாவிட்டால் விரல்கள் போதும். கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து, 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். நின்ற உடனே எண்ணுவது முக்கியம். சற்றுத் தாமதித்தாலும் துடிப்பு இறங்கியிருக்கும்.

உள்ளுணர்வையே அளவுகோலாக்கியவர் சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க். அவருடைய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. இளம் வயதினரின் துடிப்பு ஏறத்தாழ 60-லிருந்து 200 வரை போவதை ஒட்டி அப்படி அமைத்தார். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. 13 என்றால் கொஞ்சம் கடினம். 17 மிகக் கடினம். 20 இதற்கு மேல் முடியாது என்ற நிலை. அதைவிட எளிது பேச்சுச் சோதனை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமானது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. ஒரு சொல்கூட வரவில்லை என்றால், புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். புழுக்கமான ஏப்ரல், மே மாதங்களில் இந்த அளவுகோல்கள் மிகவும் கைகொடுக்கும். வியர்வையில் நீர் குறைவதாலும், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் திரும்புவதாலும், அதே பயிற்சிக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஜனவரியில் எளிதாகச் செய்த சுற்று மே மாதத்தில் திணறடித்தால் உடல் பலவீனமாகிவிட்டது என்று பொருளல்ல. சுற்றைக் குறைத்துக்கொண்டால் போதும்.

ஆபத்து யாருக்கு அதிகம் என்பதற்கு 1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவான விடை தருகிறது. மாரடைப்பு வந்த 1,228 பேரிடம் மர்ரே மிட்டில்மேனும் சகாக்களும் விசாரித்தனர். கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு சராசரியாக ஆறு மடங்கு கூடியிருந்தது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ கடுமையாக உழைத்துப் பழகியவர்களுக்கு அது 2.4 மடங்கு மட்டுமே. வாரம் ஒரு முறைகூட அப்படி உழைக்காதவர்களுக்கோ 107 மடங்கு. அந்த ஒரு மணி நேர ஆபத்து தனிப்பட்ட அளவில் மிகச் சிறியதுதான் என்றாலும், பழக்கமின்மைதான் முதல் எதிரி என்பதில் ஐயமில்லை.

இந்தியாவில் 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரின் திடீர் மரணங்களை ஆராய்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வும் கவனிக்கத்தக்கது. குடும்பத்தில் திடீர் மரண வரலாறு, கோவிட் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்திருத்தல், இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி ஆகியவற்றோடு, அதே 48 மணி நேரத்தில் செய்த கடும் உடலுழைப்பும் மரணத்தோடு தொடர்புடையதாக இருந்தது. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சிக்குப் பின் உடல்நலம் குன்றி 46 வயதில் காலமானபோது, உடற்பயிற்சியே வேண்டாம் என்ற பேச்சு தென்னிந்தியாவெங்கும் எழுந்தது. அந்தப் பேச்சு தவறு. ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களை அது பாதுகாக்கிறது என்பதே இந்தத் துறையின் நெடுங்கால முடிவு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ புகைப்பழக்கமோ உள்ளவர்கள், கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

வீட்டுப் பயிற்சிகளில் பெயர்பெற்ற ‘தபாத்தா’ முறையின் மூலத்தைப் பார்த்தால், பழக்கமின்மை ஏன் எதிரி என்பது இன்னும் புரியும். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாத்தா 1996-இல் வெளியிட்ட சோதனையில், 20 நொடி முழு வேகம், 10 நொடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்றுகள் மிதித்தவர்கள் உடற்பயிற்சிக் கல்வி படித்த இளைஞர்கள். அவர்கள் பயன்படுத்தியது நிலைத்த சைக்கிள். அதற்கு முன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொண்டார்கள். அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்து, முன்தயாரிப்பு இல்லாமல், மேசை முன் உட்கார்ந்தே பழகிய ஒருவரிடம் கொடுப்பது நியாயமல்ல. அப்படிப்பட்டவருக்கு முதல் சில வாரங்கள் வேகநடையும் போர்க் அளவில் 12, 13 என்ற உழைப்புமே போதும்.

சில அறிகுறிகள் தென்பட்டால் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்சை அழுத்துவது போன்ற பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தாறுமாறான படபடப்பு, கண் இருட்டுவது ஆகியவை அவை. நம் வீடுகளில் இவற்றை வாயுத் தொல்லை என்று சொல்லி, சோடாவோ ஓமத் தண்ணீரோ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மதிப்புமிக்க நேரம் அதிலேயே கரைகிறது. தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் உடனே அழைக்க வேண்டும். பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்தவர், எழுந்தபின் நன்றாக இருந்தாலும், இதய மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி குதிக்கக் கூடாது. ஓரிரு நாள் கழித்துத் தசைகள் வீங்கி, சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால், தசைநார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கும் மருத்துவமனைதான் வழி.

பயிற்சி முடிந்ததும் சட்டென்று உட்காரக் கூடாது. காலில் தேங்கும் இரத்தம் தலைசுற்றலைத் தரும் என்பதால், சில நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். 1999-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள், பரிசோதனை முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கியவர்களிடம் பிந்தைய ஆண்டுகளில் இறப்பு விகிதம் அதிகம் என்று கண்டார்கள். வீட்டில் எடுக்கும் ஒரு நாள் அளவை வைத்து யாரும் பயப்படத் தேவையில்லை. வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லலாம்.

அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன துடிப்புக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதால், உடல் திணறும்போதும் வாட்ச் அமைதியான எண்ணையே காட்டும். இவர்கள் பேச்சுச் சோதனையையும் போர்க் அளவையும் நம்புவதே சரி. காய்ச்சல் இருக்கும்போது கடும் பயிற்சி யாருக்கும் ஆகாது; சில வைரஸ்கள் இதயத் தசையையே அழற்சிக்கு உள்ளாக்கும். காய்ச்சல் விட்டபின், காலை ஓய்வுத் துடிப்பு வழக்கமான எண்ணுக்குத் திரும்பும்வரை நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு, அதன்பிறகே பழைய சுற்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.