வேடத்துக்குள் வேடம்

நாடக மேடையிலே ஒரு காட்சி. நடிகன் அரசனாக வேடம் புனைந்திருக்கிறான். அந்த அரசன், குடிமக்களின் குறையறிய, வணிகனாக மாறுவேடம் பூண்டு நகர்வலம் வருகிறான். காண்போர் வணிகனைக் காண்கின்றனர். அவனுள்ளே அரசன் இருப்பதை உணர்கின்றனர். அரசனுக்குள்ளே நடிகன் இருப்பதையும் அறிவர். யாரும் குழம்பவில்லை. நாடகம் நடக்கிறது!

மனிதன் மேடையிலே காட்டிய இந்த விந்தையைக் கணிப்பொறியும் காட்டுகிறது. ஒரு பொறியை மற்றொரு பொறியாக நடிக்க வைக்கும் நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். அந்த எமுலேட்டருக்குள்ளேயே இன்னோர் எமுலேட்டரை ஓட்டலாம். அதற்குள்ளே மற்றொன்றையும் ஓட்டலாம்.

மந்திரமா? மாயமா? இரண்டும் அல்ல, கணிதம்! 1936-இல், 24 வயதுகூட நிறையாத ஆங்கில இளைஞர் ஆலன் டூரிங் ஓர் உண்மையை நிறுவினார். ஒரு பொறி இயங்கும் விதிகளை முழுமையாக எழுதிக் கொடுத்தால், அவற்றைப் படித்து மற்றொரு பொறி அதுவாகவே இயங்க முடியும். வேண்டுவன போதிய நினைவிடமும் நேரமும் மட்டுமே. 'இது என்னால் மட்டுமே ஆகும்' என்று இறுமாந்து நிற்கும் உரிமை எந்தக் கணிப்பொறிக்கும் இல்லை!

ஏட்டிலே இருந்த அந்த உண்மையை நாட்டுக்குக் கொண்டுவந்தது வணிகப் போட்டி. 1959-இல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்னும் பொறியை அறிவித்தது. மாத வாடகை 2,500 டாலரில் தொடங்கியது. அலுவலகங்கள் அதை விரும்பி ஏற்றன. சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் அதற்கென்றே எழுதப்பட்டன. 1963-இல் ஹனிவெல் நிறுவனம் போட்டிக்கு வந்தது. 1401-இன் நிரல்களைத் தன் 200 என்னும் பொறிக்கு மாற்றித்தரும் கருவி ஒன்றையும் கொண்டுவந்தது. அக்கருவிக்கு அது வைத்த பெயர் என்ன தெரியுமா? 'லிபரேட்டர்'. விடுதலை தருபவன் என்று பொருள்!

1964 ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. புதிய பொறியின் உள்ளமைப்பு வேறு. பழைய நிரல்கள் அதில் நேராக ஓடா. வாடிக்கையாளர் எழுதிக் குவித்தவற்றையெல்லாம் எறிந்துவிடச் சொல்ல முடியுமா? சொன்னால் ஹனிவெல்லிடம் ஓடிவிடுவர்! ஆகவே புதிய பொறிக்குப் பழைய பொறியின் வேடம் கட்டினர். எமுலேட்டர் என்னும் பெயரே அந்த முயற்சியிலேதான் பிறந்தது.

வேடத்துக்குள் வேடம் வந்தது எப்போது? அதே நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலே, ஒரே பொறியைப் பல பொறிகளாகக் காட்டும் சி.பி.-67 என்னும் நிரல் இயங்கிவந்தது. அப்போது உருவாகிக்கொண்டிருந்த சிஸ்டம்/370 பொறிக்கான நிரல்களை முன்கூட்டியே எழுத வேண்டியிருந்தது. ஆய்வகப் பொறியையோ வெளி மாணவர்களும் பயன்படுத்தினர். வரப்போகும் பொறியின் இரகசியம் அவர்கள் கண்ணில் படலாகாது. ஆகவே பொறிக்குள் ஒரு போலிப் பொறி. அதற்குள் சிஸ்டம்/370-ஆக நடிக்கும் மற்றொரு பொறி. மறைந்த பொறிக்கு மட்டுமன்று, பிறவாத பொறிக்கும் வேடம் கட்டினர்! 1974-இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும், இவ்வாறு அடுக்கிக்கொண்டே போவதற்கு வேண்டிய நிபந்தனைகளைக் கணித முறையில் வகுத்தளித்தனர்.

இத்தனை அடுக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கிலாந்து தரும் விடையைக் கேளுங்கள். 1086-இல் மன்னன் வில்லியம் நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து ஏட்டில் பதிவு செய்தான். டூம்ஸ்டே ஏடு என்று பெயர். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதிய ஏடு ஒன்றை ஒளித்தட்டுகளில் தொகுத்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்குகொண்டனர். விளைந்தது என்ன? தோலில் எழுதிய பழைய ஏட்டை இன்றும் படிக்கலாம். புதிய தட்டுகளோ, அவற்றைப் படிக்கும் பொறிகள் அருகியதால், 16 ஆண்டுகளிலேயே ஊமையாகும் நிலைக்கு வந்தன! லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2002-இல் அவற்றுக்கு எமுலேட்டர் எழுதிப் பேச வைத்தனர்.

ஆனால் எமுலேட்டரும் ஒரு நிரல்தானே? அதுவும் ஒரு பொறியை நம்பித்தானே வாழ்கிறது? அந்தப் பொறியும் ஒருநாள் மறையுமே! அப்போது வழிகள் இரண்டு: எமுலேட்டரைப் புதிதாக எழுதலாம்; அல்லது அதை அப்படியே மற்றொரு எமுலேட்டருக்குள் குடியேற்றலாம். இரண்டாம் வழி எளிது, விலை உண்டு. ஓரடுக்கில் ஒரு செயலுக்குப் பத்துச் செயல் வேண்டுமெனக் கொண்டால், மூன்றடுக்கில் ஆயிரம் வேண்டும். ஓர் அடுக்கில் நேர்ந்த பிழை அதற்குள் இருக்கும் அடுக்குகளையெல்லாம் தாக்கும்.

விளையாட்டுப் பொறிகளிலும் இதைக் காணலாம். நின்டென்டோ 1983-இல் விற்ற ஃபேமிகாம் பொறியின் ஆட்டங்கள் சில, அதன் கேம்கியூப் பொறிக்காக வந்த அனிமல் கிராசிங் என்னும் ஆட்டத்துக்குள்ளே எமுலேட்டர் வழியாக ஓடின. அந்தக் கேம்கியூப் பொறியாகவே இன்று டால்பின் என்னும் நிரல் கணிப்பொறியை நடிக்க வைக்கிறது. கணிப்பொறிக்குள் கேம்கியூப், கேம்கியூப்புக்குள் ஃபேமிகாம்!

அறிவு வழி திறந்தது. சட்டம் திறந்ததா? சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் என்னும் எமுலேட்டர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், பொறியின் இயல்பை ஆராய்வதற்காக அதன் நிரலைப் படியெடுத்தது குற்றமன்று என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஆயினும், நூலகங்கள் காத்துவைத்துள்ள பழைய ஆட்டங்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தபடியே பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கை 2024-இல் அந்நாட்டில் மறுக்கப்பட்டது. விற்பனைக்கு வைக்கவும் மாட்டார்கள். படிக்கக் கொடுக்கவும் விடமாட்டார்கள்! இது என்ன நீதி?

பழமையைத் தொழுவது வேறு. பழமையைப் படிப்பது வேறு. தொழுபவனுக்குப் பெட்டி போதும், பூவும் புகையும் போதும். படிப்பவனுக்கோ பெட்டி திறக்க வேண்டும், உள்ளிருப்பது பேச வேண்டும். பேச வைக்கும் வழியை அறிவு கண்டுவிட்டது. அந்த வழியை அடைத்து நிற்கும் பூட்டுகளை நீக்க வேண்டியது சட்டம் செய்வோர் கடமை. நீக்குங்கள் என்று கேட்க வேண்டியது படிப்போர் கடமை. கேட்போமாக!