கல்யாணக் கூரையில் நீலத் துணி

"இருட்டுல உக்காந்து யாராவது தாலி கட்டுவாங்களாடா?" என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடப் போய்ச் சேர்ந்த சமாசாரங்கள்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

போன தை மாதம் குர்கானில் (இப்போது குருகிராம்) என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஊரில் மண்டபம் பிடித்தால் மணமேடை, பந்திக்கூடம், மாப்பிள்ளை வீட்டாருக்கு அறை, வாசலில் வாழை கட்டக் கொக்கி எல்லாம் தயாராக இருக்கும். இங்கே நாங்கள் பிடித்த இடத்தில் நான்கு வெள்ளைச் சுவர், மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. அவ்வளவுதான். கடனுக்கு ஈடாகச் சரக்கு வைத்திருக்கும் கோடவுன்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு, இன்னொரு கோடவுனுக்கு வந்த மாதிரியே இருந்தது.

"இதுதான் சித்தப்பா வேணும். ஒண்ணுமே இல்லாம இருந்தாத்தானே நாம நினைச்ச மாதிரி பண்ணலாம்" என்றாள் பெண். செல்போனில் படம் காட்டினாள். கூரை முழுக்கக் கருநீலத் துணி, அதிலிருந்து தொங்கும் இலைக்கொடிகள், அங்கங்கே சின்னச் சின்ன விளக்குகள், பாதி வெளிச்சத்தில் முகங்கள். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. தை மாதம் டெல்லியில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வரும். ஆக வெளியேயும் இருட்டு, உள்ளேயும் இருட்டு. அதற்குத்தான் அத்தையின் கேள்வி. "அதுவும் கல்யாணத்துக்குப் போய்க் கருநீலமா!"

நான் பி.காம். இலக்கியம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் சண்டையைத் தீர்க்க வேண்டுமே என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் அகநானூறு. 86-ஆம் பாட்டு, பாடியவர் நல்லாவூர் கிழார். தமிழர் கல்யாணம் எப்படி நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வர்ணனைகளில் ஒன்று. அதில் புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. உளுந்து போட்டுப் பொங்கிய சோறு இருக்கிறது. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சரி, இடத்தை என்ன செய்தார்கள்? வரிசையாகக் கால் நட்டுப் பெரிய பந்தல் போட்டார்கள். கொண்டுவந்த மணலைத் தரையில் பரப்பினார்கள். விளக்கு ஏற்றினார்கள். மாலைகளைத் தொங்கவிட்டார்கள். இருள் விலகும் விடியல் வேளை, சந்திரன் ரோகிணியோடு சேர்ந்த நாள். யோசித்துப் பாருங்கள். வெறும் இடம், மேலே ஒரு மறைப்பு, தரையில் புது விரிப்பு, தொங்கும் பூ, விளக்கு வெளிச்சம். எங்கள் அலங்காரக்காரர் கொடுத்த கொட்டேஷனிலும் தலைப்புகள் இவைதான், மணலுக்குப் பதில் கார்ப்பெட்!

அடுத்து சிலப்பதிகாரம். இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மங்கல வாழ்த்துப் பாடலில் கோவலன் கண்ணகி கல்யாணம் வருகிறது. மாலைகள் தொங்கும் மணித்தூண் மண்டபம், முத்துப் பந்தல், அதற்கு மேலே விதானம். அந்த விதானத்தின் நிறம் நீலம்! புகாரின் பெரும் வணிகர் வீட்டுக் கல்யாணத்தில் கூரைத் துணி நீலம் என்று இளங்கோவடிகள் எழுதி வைத்திருக்கிறார். அங்கேயும் சந்திரனும் ரோகிணியும் சேர்ந்த நாள்தான். நீலத்தின் கீழே முத்துக்களைத் தொங்கவிட்டால் என்ன தெரியும்? ராத்திரி வானம். இது நானாகச் சொல்லும் பொழிப்புரை, தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.

நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கனவில் காணும் கல்யாணத்திலும் முத்துமாலை தொங்கும் பந்தல் உண்டு, கமுகம்பாளை கட்டிய பந்தல் உண்டு. ஆக முத்துப் பந்தல் அவ்வளவு காலம் நம் மனதில் நின்றிருக்கிறது.

வெற்றி வீரனாக அத்தையிடம் போய்ச் சொன்னேன். "கண்ணகி கல்யாணத்துலயே நீலத் துணிதான் அத்தை."

அத்தை தலை நிமிராமல் கேட்டாள். "அந்தக் கல்யாணம் என்ன ஆச்சு?"

அதற்கு மேல் நான் வாய் திறப்பேனா?

நம் பக்கம் ஓலையும் பாளையும் என்றால், இந்தப் பக்கம் துணி. டெல்லியில் கல்யாணம் என்றால் முதலில் கூப்பிடுவது டெண்ட் ஹவுஸ்காரரைத்தான். அவர் வாயில் வரும் ஷாமியானா, கனாத் எல்லாம் மொகலாயர் முகாமில் புழங்கிய சொற்கள். கனாத் என்றால் சுற்றி நிறுத்தும் துணிச்சுவர். அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் கூடாரங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பார்கா என்ற பெரிய தர்பார்க் கூடாரம் பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளுமாம். அதை நிறுத்த ஆயிரம் ஃபராஷ்கள், அதாவது கூடாரப் பணியாளர்கள், கருவிகளின் துணையோடு ஒரு வாரம் வேலை பார்க்க வேண்டும். அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் பார்காவுக்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்கிறார். அலங்காரம் செய்தால்? விலைக்கு எல்லை இல்லை என்று எழுதுகிறார். பதினாறாம் நூற்றாண்டு! அலங்காரச் செலவு பற்றி இன்று வரை இதைவிடச் சரியான மதிப்பீட்டை நான் பார்த்ததில்லை :-)

வெளிச்சத்தையும் அவர் விடவில்லை. இருட்டில் முகாம் எங்கே என்று தெரிவதற்காக நாற்பது கஜத்துக்கு மேல் உயரமான கம்பம் நட்டு, பதினாறு கயிற்றால் இழுத்துக் கட்டி, உச்சியில் பெரிய விளக்கு வைப்பார்கள். அதன் பெயர் ஆகாச தியா. கார்த்திகையில் ஏற்றும் ஆகாச தீபம் நினைவுக்கு வரவில்லையா? ஜோத்பூர் மெஹரன்கட் கோட்டையில் லால் டேரா என்ற சிவப்புக் கூடாரம் இன்னும் இருக்கிறது. ஷாஜகான் காலத்தது என்கிறார்கள். பொட்டல் மைதானத்தை ஒரே நாளில் அரண்மனையாக்கும் வித்தை இந்த ஊருக்குப் புதிதில்லை.

அப்படியானால் பளீரென்ற வெள்ளை வெளிச்சக் கல்யாணம் எப்போது வந்தது? ரொம்பப் பிந்தித்தான். முதலில் மேண்டில் விளக்கு. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் 1885-இல் கண்டுபிடித்த மேண்டிலை வைத்து, 1910 வாக்கில் ஜெர்மனியில் பெட்ரோமாக்ஸ் வந்தது. வடக்கே மாப்பிள்ளை ஊர்வலத்தில் அதைத் தலையில் சுமந்து போனார்கள். நம் ஊரில் அது வாடகைக்கு விடும் சாமான். கவுண்டமணி பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடும் கடைக்காரராக வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படம் 1984. அதற்குப் பின் டியூப் லைட், வெள்ளையடித்த மண்டபம். கடைசியாக வீடியோ.

வீடியோதான் உண்மையான வில்லன் என்பது என் கட்சி. அந்தக் கால வி.எச்.எஸ். காமிராவுக்கு அரை வெளிச்சம் போதாது. அதனால் ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை ஒரு பையன் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். சின்ன வயதில் நான் போன கல்யாணங்களில் மணப்பெண் முகத்தில் பவுடர் வழிந்து ஓடும். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டே தாலி கட்டுவார். என் தலைமுறை கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அந்த ஹாலஜன் வெளிச்சத்தைத்தான். இப்போதைய காமிராக்கள் மங்கலிலும் படம் பிடிக்கும், எல்.இ.டி. விளக்கு சுடாது. அதனால்தான் பழைய விளக்கு வெளிச்சம் திரும்பி வந்திருக்கிறது. அண்ணன் மகள் கேட்டது புதுசே இல்லை.

இதையெல்லாம் சொல்லி அத்தையை ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன். ஆனால் படிக்கப் படிக்க எனக்கே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது.

1995 டிசம்பர் 23. ஹரியானாவின் மண்டி டப்வாலி. ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டுப் பள்ளிக்கூட ஆண்டு விழா நடந்தது. தீப்பிடித்தது. செயற்கை இழைத் துணி உருகி உருகி மேலே விழுந்தது. 400 பேருக்கு மேல் செத்துப் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்து மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோவுக்கு இழுத்த மின்வயரில் தொடங்கிய தீ என்று செய்திகள் சொல்லின. மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் உயிரை வாங்கியது கூரை. அழகுக்காகவும் நிழலுக்காகவும் நாம் தலைக்கு மேல் கட்டிக்கொள்ளும் அதே கூரை.

பந்தல்களுக்கென்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஐ.எஸ். 8758. செயற்கை இழைத் துணி கூடாது, கூரை மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது, மின்கம்பிக்கு அடியில் பந்தல் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. நான் கேட்டபோது அலங்காரக்காரர் சிரித்தார். "சார், பாலியஸ்டர்தான் சுருக்கம் விழாம அழகா தொங்கும்" என்றார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, சரக்கு சரிபார்க்கப் போவது போலவே அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சுற்றி வந்தேன். நான்கு கதவு. அவருடைய வரைபடத்தில் இரண்டு கதவு நீலத் துணிக்குப் பின்னால் போயிருந்தது. மங்கல் வெளிச்சத்தில் எது சுவர், எது வாசல் என்று யாருக்குத் தெரியும்? பெண்ணை உட்கார வைத்து டப்வாலி, ஸ்ரீரங்கம் இரண்டையும் சொன்னேன். கல்யாணப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா என்று அண்ணிக்கு என் மேல் கோபம். பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீலம் வேணும் சித்தப்பா. மத்தது நீங்க சொல்ற மாதிரி" என்றாள்.

அலங்காரக்காரரிடம் நீலப் பருத்தி கிடையாது. சாந்தினி சௌக்கில் துணிக்கடைகள் நிறைந்த சந்து ஒன்றின் பெயர் கட்ரா நீல். நீலம் தேடி நீலச் சந்துக்கே போய்த் தான் துணி எடுத்தோம். பருத்தியும் எரியும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் உருகித் தலையில் சொட்டாது. வெங்காரமும் போரிக் ஆசிடும் கரைத்த தண்ணீரில் முக்கி உலர்த்தினால் சட்டென்று பற்றாது. அதையும் செய்தோம். காய்ந்ததும் துணி மொடமொடவென்று ஆகிவிட்டது, தொங்கும் அழகு ஒரு மாற்றுக் குறைவுதான். மெழுகுவர்த்திக்குப் பதில் பாட்டரி விளக்கு. ஓமகுண்டத்துக்கு மேல் மட்டும் துணி கட்டாமல் விட்டோம். நான்கு கதவுக்கும் வெள்ளைத் திரை, அதன் மேல் விளக்கு. வெள்ளைத் திரை படத்தைக் கெடுக்கிறது என்று போட்டோக்காரர் முணுமுணுத்தார்.

அன்று காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்த அத்தை, மேலே பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு என்னிடம், "வாசல் எது, அதுவா?" என்று கேட்டுவிட்டு, வெள்ளைத் திரைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயந்திரத்துக்குள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். மறுபடி தகரக் கூரை, சிமெண்டுத் தரை. துணி விலைக்கு வாங்கினது என்பதால் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. இரண்டு தடவை அலசிய பிறகு அத்தை அதில் நான்கு தலையணை உறை தைத்துக்கொண்டாள். மீதி பரணில் மூட்டையாகக் கிடக்கிறது. டெல்லிப் பக்கம் யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். அலசின துணி, வெங்காரத் தண்ணீரில் மறுபடி முக்கிக்கொள்ள வேண்டும்.